பேடல் ஆடப் போன உடும்பு

ஒரு காட்டில் எல்லா மிருகங்களும் ஒற்றுமையாக வாழ்ந்துவந்தன என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தக் காட்டில் யார் எந்த வளையில் இருக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறவர் ஒரு சிறுத்தை. மிருகத்துக்கு ‘அவர்’ என்ன கேடு என்று கேட்காதீர்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லோரும் ‘அவர்’தான். அந்தக் கையெழுத்துக்காக மூன்று வருஷமாக நாயாய் அலைந்தான் மாசிலாமணி என்கிற உடும்பு.

மாசிலாமணிக்குப் பாறைமேட்டில் வளை. வெயில் ஏறினால் அது வளையில்லை, அடுப்பு. போன வருஷம் அவன் பெண்டாட்டி கோமளம் இட்ட எட்டு முட்டையும் வெந்தே போய்விட்டன.  இந்த வருஷமும் நாள் நெருங்கிவிட்டது. ஓடைக்கரையில் ஈரமான வளை ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கேட்டு மூன்று பிரதிகளில் எழுதிய மனு சிறுத்தையின் மேஜையில் காபி டம்ளருக்கு அடியில் கிடந்தது.

அந்தச் சமயம் பார்த்துக் காட்டுக்குள் பேடல் என்கிற பந்தாட்டம் வந்து சேர்ந்தது. கண்ணாடிச் சுவர், நடுவில் வலை, நரம்பே இல்லாமல் ஓட்டை ஓட்டையாக ஒரு மட்டை. பந்து கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தாலும் அடிக்கலாம். பக்கத்துக்கு இரண்டு பேர். ஆக நாலு பேர் இல்லாவிட்டால் ஆட்டம் கிடையாது. சிறுத்தைக்கு அது பைத்தியமாகவே ஆகிவிட்டது. ஒருநாள் அவருடைய ஜோடியான கரடிக்கு முழங்கால் பிசகியது.

“ஏம்ப்பா மாசிலாமணி, நாளைக்கு நீ வாயேன். அப்படியே உன் மனுவையும் பார்த்துடலாம்” என்றார் சிறுத்தை.

மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. கோமளம்தான், “வெறுங்கைய வீசிக்கிட்டுப் போய் நிக்காதீங்க. உருப்படியா நாலு சாமான் வாங்கிட்டுப் போங்க” என்றாள்.

விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தது சொர்ணம் என்கிற மைனா. மைனாவுக்கு வாய் எப்படி என்று நான் சொல்லவேண்டியதில்லை.

“பயன்படுற பொருளா மட்டும் குடும்மா” என்றான் மாசிலாமணி.

“பயன்படாததை நான் விப்பேனாண்ணே? இந்தாங்க, கைப்பிடியில சுத்துற டேப். இதைச் சுத்திட்டா மட்டை நழுவவே நழுவாது.”

அடக் கூத்தே! உலகமே உடும்புப் பிடி என்று சொல்கிறது. இவனுடைய பாட்டன் பூட்டன் இடுப்பில் கயிற்றைக் கட்டி வீசித்தான் திருடர்கள் மாடி ஏறினார்களாம். அப்பேர்ப்பட்ட வம்சத்தில் பிறந்தவன், “ரெண்டு சுருளாவே குடு” என்றான்.

அப்புறம் இரண்டு மட்டை. அப்புறம் மணிக்கட்டுக் கயிறு. அப்புறம் வியர்வைப் பட்டை. உடும்புக்கு வியர்க்காது, அதனால் என்ன, வாங்கினான். கடைசியாக ஒரு பெரிய பையை இழுத்துப்போட்டாள் சொர்ணம்.

“இதுக்குள்ள தனியா ஒரு அறை இருக்கு பாருங்க. பந்து வெயில்ல கெட்டுடக் கூடாதில்ல? வெளிய அனல் அடிச்சாலும் உள்ள ஓடைக்கரை மாதிரி சில்லுன்னு இருக்கும்.”

ஓடைக்கரை என்ற சொல் காதில் விழுந்ததும் அதையும் வாங்கிவிட்டான். மழைக்காலத்துக்கென்று சேர்த்துவைத்த கறையான் மொத்தமும் சொர்ணத்தின் வயிற்றுக்குள் போயிற்று.

மறுநாள் ஆட்டம். எதிர்ப்பக்கம் ஒரு மந்தியும் காட்டுப்பன்றி பூவராகனும். பூவராகன் மட்டைகூடக் கொண்டுவரவில்லை. “அண்ணே, ஒரு மட்டை இருக்குமா? ஒரு பட்டை இருக்குமா?” என்று எல்லாவற்றையும் மாசிலாமணியிடமே வாங்கிக்கொண்டான். இப்படியும் சில ஜென்மங்கள்!

சிறுத்தைக்கு ஒரு குறை. உள்ளங்கை வியர்க்கும். ஓங்கி அடித்தால் பந்து ஒரு பக்கம், மட்டை ஒரு பக்கம் பறக்கும்.

“அய்யா, இந்தக் கயிறை மணிக்கட்டுல மாட்டிக்கிட்டா...” என்று நீட்டினான் மாசிலாமணி.

“கயிறா? என்னை என்ன சர்க்கஸ் மிருகம்னு நெனச்சியா?”

அடுத்த அடியிலேயே மட்டை நழுவியது. மாசிலாமணி யோசிக்கவில்லை, ரத்தத்தில் ஊறியது சும்மா இருக்குமா? ஒரே தாவல். முன்னங்காலால் அய்யாவின் மணிக்கட்டைக் கவ்வினான், பின்னங்காலால் மட்டையைக் கவ்வினான். அடி விழுந்தது. பந்து பூவராகனின் இரண்டு காலுக்கும் நடுவே போயிற்று.

“ஆகா! அப்படியே இரு, விடாதே!” என்று கத்தினார் சிறுத்தை. “எதுக்கும் ரெண்டு சுத்து சுத்திக்குவோம்.” மாசிலாமணியின் பையிலிருந்தே டேப்பை எடுத்து, மாசிலாமணியையே தன் மணிக்கட்டோடு சேர்த்து இறுக்கச் சுற்றினார். ஜோடியாக நிற்க மந்தியின் மச்சினன் வந்துவிட்டான்.

அன்றிலிருந்து சிறுத்தை தோற்கவே இல்லை. மாசிலாமணிக்கும் ஏகப் பெருமை. அதிகாரியின் கைக்கே வந்தாகிவிட்டது, கையெழுத்து எவ்வளவு தூரம் என்று நினைத்தான்.

கையெழுத்தும் வந்தது. ஒருநாள் காலை சிறுத்தை டம்ளரை நகர்த்தினார், பேனாவை எடுத்தார், எழுதினார். மணிக்கட்டில் இருந்த மாசிலாமணியும் கூடவே ஆடினான். ஓடைக்கரை வளை, பூவராகனுக்கு.

“அய்யா! அது நான் கேட்டதுங்க!”

“தெரியும்ப்பா. பூவராகன் எதுக்கும் உதவாதவன், எங்க கிடந்தா என்ன? நீ போயிட்டா என் மட்டையை யாரு பிடிக்கிறது?” என்று சொல்லிக்கொண்டே மாசிலாமணியின் மனுவில் எழுதினார்: ‘மிகவும் பயனுள்ளவர். ஆகவே இடமாற்றம் மறுக்கப்படுகிறது.’

சேதி கேட்டுக் கோமளம் பேடல் கோர்ட்டுக்கே வந்துவிட்டாள். வயிறு தரையில் இழுபட்டது. சிறுத்தை பெஞ்சில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு முட்டை இட்டாகணும். விட்டுட்டு வாங்க” என்றாள்.

“டேப்பு சுத்தியிருக்கே கோமளம்.”

“கடிச்சு அறுங்க.”

மாசிலாமணி டேப்பைப் பார்த்தான். அய்யாவைப் பார்த்தான். “ஞாயித்துக்கிழமை இறுதிப்போட்டி இருக்கு” என்றான் மெதுவாக. “நேத்து கடைசிப் பாயிண்ட் நாங்கதான் எடுத்தோம், தெரியுமா?”

கோமளத்துக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பக்கத்தில் பை கிடந்தது. அதன் உள்ளறைக்குள் காலை விட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. பைக்குள் கிடந்த பந்துகளை எல்லாம் கொட்டினாள்.

“அய்யோ, அது பந்து வைக்கிற பைடீ!”

“பந்தை நீங்களே வச்சுக்குங்க.”

புருஷனை ஒரு தடவை பார்த்தாள், பையை ஒரு தடவை பார்த்தாள். பயன்படுவது எது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு எந்தக் கடைக்காரியும் தேவைப்படவில்லை. பையை இழுத்துக்கொண்டு பாறைமேட்டைப் பார்த்துப் போய்விட்டாள். அந்த வருஷம் பைக்குள் இட்ட எட்டு முட்டையும் பொரிந்தன. இறுதிப்போட்டியில் சிறுத்தைதான் ஜெயித்தார். கோப்பையைத் தூக்கிய கையில் மாசிலாமணியும் இருந்தான். போட்டோவில் அவன் வால் மட்டும் தெரிகிறது.

நீதி: வேலை தெரிந்தவனுக்கு இடமாற்றம் கிடையாது. ஆகையால் எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உள்ளே சில்லென்று இருக்கிற பை ஒன்றை வாங்கி வை, குடும்பமாவது பிழைக்கும்.