கலாஸ் அண்ணனும் என்னுடைய இரண்டு பாயிண்டும்

ஃபிஜியில் எடுத்த வேலையை முழுசாக முடித்தவர் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கக்கூடிய மனிதர் ஒருவர்தான். எங்கள் நாட்டில் அரசாங்கங்களே பாதியில் நின்றுவிடும். மார்டின்டாரில் டயர் கடை வைத்திருந்த கலாஸ் அண்ணனோ நாற்பத்தோரு வீடியோ கேம்களைக் கடைசி வரை ஆடி முடித்திருந்தார். அவர் முடிக்காமல் விட்டது வாடிக்கையாளர்களின் பஞ்சர் மட்டும்தான்.

கலாஸ் என்றால் எங்கள் ஊர் இந்தியில் முடிந்தது என்று பொருள். கடைசி எதிரி விழுந்ததும் அவர் போடும் "கலாஸ்!" எதிர் ஹோட்டல் நீச்சல் குளம் வரைக்கும் கேட்கும். அவருடைய சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலுக்குத்தான் தெரியும். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அந்தப் பட்டியலும் யாருக்கும் தேவைப்படவில்லை.

இத்தனை கேம் அவருக்கு ஏது என்று கேட்பீர்கள். இந்தியப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்க்கத் துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த நாளிலிருந்து, எங்கள் இந்தியர்களில் வாரத்துக்கு ஒரு குடும்பம் ஆக்லாந்துக்கோ சிட்னிக்கோ மூட்டை கட்டியது. சாமி படங்களைக் கோயிலில் வைப்பார்கள். பிள்ளைகளின் கேம் பெட்டியைக் கலாஸ் அண்ணனிடம் கொடுப்பார்கள். ஊர் காலியாகக் காலியாக அவருடைய அலமாரி நிறைந்தது.

ஒரு கேமை முடித்தால் அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து, மயக்கம் தரும் நங்கோனா வேர்ச்சாற்றை ஒரு சிரட்டை குடித்துவிட்டு ஆரம்பிப்பார். கழற்றிய சக்கரம் பாவமாகப் படுத்திருக்கும்.

"விவசாய கேமு, ரெண்டு நாள்ல கலாஸ். இன்னிக்கி வெதைக்கறான், நாளைக்கி அறுக்கறான். மில்லு வாசல்ல கரும்பு லாரி மூணு நாள் நிக்கல. லீஸ் முடிஞ்சி போச்சி, வூட்டப் பிரின்னு ஒருத்தனும் வந்து சொல்லல. இத்தச் செஞ்சவன் ரக்கிராக்கி பக்கமே வந்ததில்ல."

அந்த ரக்கிராக்கியில், பினாங்கு என்ற சர்க்கரை மில்லுப் பக்கம் அப்படிக் குத்தகை முடிந்து, கட்டின வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்தவர்தான் அவர். அதனால் நாங்கள் உடனே சிரிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சிரித்தோம்.

அடுத்த வாரம் ஆட்சியைப் பிடிக்கிற கேம். பீரங்கி, கப்பல், பன்னிரண்டு கட்டம் என்று ஏகப்பட்ட ஏற்பாடாம். வீண் செலவு என்று தீர்ப்புச் சொன்னார். முகமூடி போட்ட ஆள் பத்துப் பேர் இருந்தால் காலைத் தேநீருக்கு முன்னால் முடிகிற வேலை, இதற்குப் போய்க் கப்பல் எதற்கு என்று கேட்டார். அந்தச் சமயம் பார்த்து ஒரு ராணுவ வண்டி காற்றடிக்க வந்து நின்றது. அண்ணனின் வாழ்நாளில் மிக வேகமாக வேலை முடிந்தது அன்றுதான்.

அந்த நாட்களில் "சாப்பிட்டீங்களா?" என்று யாரும் கேட்பதில்லை. "எத்தன பாயிண்ட்?" என்றுதான் கேட்பார்கள். வயது, படிப்பு, தொழில் எல்லாவற்றுக்கும் நியூசிலாந்துக்காரர்கள் பாயிண்ட் போட்டார்கள். அது நிறைந்தால்தான் விசா. எங்கள் அர்ச்சகர்கூடக் கற்பூரத் தட்டை நீட்டிக்கொண்டே மெதுவாக விசாரிப்பார். கோயிலில் ஒரு நாள் கலாஸ் அண்ணன், தனக்குத் தொண்ணூறாயிரம் பாயிண்ட் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பெண் வைத்திருந்த ஒரு அம்மா அதைக் கேட்டுவிட்டு அவருடைய ஜாதகத்தை வாங்க ஆள் அனுப்பினார். அண்ணனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

எனக்கு இரண்டு பாயிண்ட் குறைந்தது. எட்டாம் வகுப்புப் படிப்பு, ஹோட்டல் மெக்கானிக் வேலை. விருந்தாளிகள் வராததால் அந்த வேலையும் வாரம் மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். பயத்தில் மனைவி பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. நான் மாரியம்மன் சந்நிதியில் போய் நின்றேன். அம்மனுக்குப் பாயிண்ட் கணக்குத் தெரியுமோ என்னவோ என்று, விசா பாயிண்ட் போட்ட காகிதத்தையே படித்துக் காட்டி விளக்கிச் சொன்னேன்.

வேலை இல்லாத நாட்களில் அண்ணன் கடையில் உட்காருவேன். ஒருநாள் இன்னொரு கண்ட்ரோலரை என் கையில் திணித்தார். இரண்டு பேர் சேர்ந்து ஆடும் கேம் அது. ஒரு தூக்குப் பாலம். ஒருவன் சக்கரத்தைச் சுற்றிப் பிடித்திருந்தால்தான் மற்றவன் தாண்டலாம். தாண்டினவன் அக்கரையிலிருந்து கயிறு போட்டு இவனை இழுக்க வேண்டும். என் ஆள் பதினேழு தடவை ஆற்றில் விழுந்தான். ஒவ்வொரு தடவையும் நான் "முருகா" என்றேன்.

"தம்பி, முருகனக் கூப்புடாத. பட்டன அமுக்கு," என்றார்.

பதினெட்டாம் தடவை என் ஆள் அக்கரை சேர்ந்தான். கயிறு போடும் பட்டன் எது என்று நான் தேடும்போது கரண்ட் போய்விட்டது. நல்லவேளை, நான் தாண்டியது வரைக்கும் பெட்டியில் பதிவாகியிருந்தது.

அந்த இருட்டில், கேம் பெட்டி ஆடாமல் இருக்க அடியில் வைத்திருந்த காகிதத்தை உருவி என்னிடம் நீட்டினார். ஆக்லாந்தில் அவருடைய தம்பி கார் பட்டறை வைத்திருந்தான். தன் அண்ணனுக்கு வேலை தருவதாக அவன் அனுப்பிய கடிதம் அது. வேலைக் கடிதம் இருந்தால் பாயிண்ட் கூடும்.

"ஒரு ஆளுக்குத்தான் எடம் இருக்காம். எம் பேர வெட்டிட்டு உம் பேர எழுதி அனுப்பச் சொல்லிட்டேன்."

"நீங்க வரலியா அண்ணே?"

"அங்க டாக்டரே டாக்சி ஓட்டறான். போனா மொதல் லெவல்லேர்ந்து ஆரம்பிக்கணும். எனக்கு வயசாச்சி தம்பி. உனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குது."

நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். அங்கே கிரீஸ் கொட்டியிருக்கிறது, சட்டை பாழாகிவிடும் என்று தடுத்துவிட்டார்.

நாங்கள் நாடியில் விமானம் ஏறிய நாளில் அவர் வழியனுப்ப வரவில்லை. யாருடைய பஞ்சரையோ முடித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி அனுப்பினார். அதை நான் மட்டுமா, யாருமே நம்பவில்லை.

ஆக்லாந்திலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி ஃபோன் செய்வேன். புதிதாக முடித்த கேம்களைப் பற்றி ஃபோன் அட்டை தீரும் வரைக்கும் பேசுவார். ஒரு தடவை நான் பேச்சை நிறுத்தி, அந்தப் பாலம் கேம் கலாஸா என்று கேட்டேன்.

"அது எப்பிடி ஆவும்? நீதான் தாண்டிட்டு அந்தப் பக்கமே நிக்கிறியே. நான் சக்கரத்தப் புடிச்சிகினு இங்கியே நிக்கிறேன். அவசரமில்ல."

வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது என் பெண்கள் இருவரின் பேரைச் சொல்லிக் கும்பிடுவேன். பிறகு அண்ணனின் அந்தக் கிரீஸ் கைகளையும் சொல்லிவிட்டு, கயிறு போடும் பட்டனைச் சீக்கிரம் காட்டு தாயே என்று கேட்டுக்கொள்வேன்.