தடி டொக்டரும் சுண்ணாம்பும்

மரவள்ளித் தடிக்கு நாடி பார்த்த மனிதர் யாழ்ப்பாணத்தில் ஒருவரே இருந்தார். அவரைத் தடி டொக்டர் என்றே எல்லோரும் அழைத்தார்கள். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கக் கூடும்.

இரண்டாம் உலக யுத்த காலம். கூப்பன் அரிசி பாதி வாரத்திலேயே தீர்ந்துவிடும். மீதி வாரத்துக்கு மரவள்ளியே துணை. அதுவும் முந்திய வருடம் நோய்த் தடிகளை நட்டதால் அழுகிப் போயிருந்தது. எனவே நல்ல தடிகளை வளர்த்துக் கமக்காரருக்கு வழங்க, நீர்வேலியில் அரசாங்கம் ஒரு தோட்டம் போட்டு, டொக்டரை வேலைக்கு வைத்தது. பட்டதாரி என்பதால் என்னை மேற்பார்வைக்கு அனுப்பினார்கள். உண்மையில் மேற்பார்க்கப்பட்டவன் நானே.

"தம்பி, காலைக் கழுவிப்போட்டு உள்ளை வாரும். நோயாளியள் படுத்திருக்கினம்" என்பார் டொக்டர். தடியை நறுக்குவார். வெட்டுவாயில் பால் கசியாவிட்டால், "ஆள் முடிஞ்சுது" என்று அடுப்புக்கு அனுப்புவார்.

பலர் தடியைத் தலைகீழாக நட்டார்கள். ஆகவே மேல்நுனியைச் சுண்ணாம்பில் தோய்த்துக் கொடுத்தார். அங்கேதான் குழப்பம் தொடங்கியது. டொக்டரின் நெற்றி நிறையத் திருநீறு. தடியின் நுனியிலும் வெள்ளை. சைவக் கமக்காரர் அதைக் கண்ணில் ஒற்றி வாங்கினார்கள். கிறிஸ்தவ வேதக்காரரான சாமுவேல் திருப்பிக் கொடுத்தார்.

"நீறு பூசின தடியை நட்டால் சபையிலை என்ன கதைப்பினம்? பூசாததாத் தாருங்கோ."

"உது சுண்ணாம்பு, ஐசே!"

"அப்ப உங்கடை நெத்தியிலை கிடக்கிறதும் சுண்ணாம்போ?"

வெள்ளையில்லாத தடிகளைக் கொண்டுபோன சாமுவேல் பாதியைத் தலைகீழாக நட்டார். முளைத்தது சொற்பம். வீட்டில் நாலு பிள்ளைகள்.

மறுபடி தடி கொடுக்க டொக்டர் நெற்றியைக் கழுவிக்கொண்டு புறப்பட்டார். அவர் சாமுவேலின் படலையைத் திறக்கும் முன்பே, "டொக்டர் வேதத்திலை சேர்ந்திட்டாராம்!" என்ற கதை ஊரைச் சுற்றிவிட்டது. "உவர் தொட்ட நீறு எங்களுக்கு வேண்டாம்" என்று சைவர்களும் தடிகளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்பு இருந்தால் ஊருக்குக் கேடு, இல்லாவிட்டால் கிழங்குக்குக் கேடு. எது சிறிய கேடு என்று நான் நாட்கணக்கில் எடைபோட்டேன். இன்றும் விடை தெரியவில்லை.

டொக்டர் எடைபோடவில்லை. சுண்ணாம்புச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, தோட்டம் தோட்டமாகப் போய்த் தம் கையாலேயே நடத் தீர்மானித்தார். முதலில் சாமுவேலின் தோட்டம்.

நடுவதற்கு முன் சாமுவேல் செபிக்கத் தொடங்கினார். பிள்ளைகள், ஆடு, மாடு, யுத்தத்திலிருக்கும் இங்கிலாந்து இராசா என்று செபம் நீண்டது. வெயில் ஏறியது. புதிதாக நறுக்கிய தடிகள் வரப்பில் கிடந்தன.

"கெதியாச் சொல்லும், ஐசே. பால் காயுது!"

சாமுவேல் கண் திறக்கவில்லை. "பொறுங்கோ, இப்ப உங்களுக்காகத்தான் செபிக்கிறன்."

டொக்டர் தோளிலிருந்த சால்வையை எடுத்துத் தடிகளின் மேல் விரித்தார். 'ஆமென்' வரும்வரை வெறும் மேலோடு வெயிலில் நின்றார். அவரை நினைக்கும்போதெல்லாம், அந்த வெயிலில் போய் அவருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்போல் இருக்கிறது.