மணப்பாடு நிலையம் பேசுகிறது

பேரிடர் வந்தால் ஊரே நம்மைத் தேடி ஓடிவரும் என்று நம்புகிறவனோடு குடும்பம் நடத்துவது சுலபமில்லை. நான் அப்படி நம்புகிறவன். குடும்பம் நடத்துவது ஸ்டெல்லா.

தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் எனக்கு வேலை. மற்ற நேரத்தில் ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி, அரசாங்க உரிமம் வாங்கி, சொந்த வயர்லெஸ் செட்டில் பேசுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அதில் நானும் ஒருவன். புயலில் செல்போன் டவர்கள் படுத்துவிட்டால் எங்கள் செட்டுகள் பேசும். அதற்காகவே எங்கள் ஊரில் ஒரு சிறு தொண்டர் குழு வைத்திருக்கிறோம். (புயல் இல்லாத நாட்களில் 'என் குரல் தெளிவாகக் கேட்கிறதா?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். பெரும்பாலும் அவ்வளவுதான் பேச்சு.)

குழுத் தலைவி ஜெயராணி டீச்சர், பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர். அவருக்கு ஒரே ஆசை. மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையில் எங்களுக்கென்று ஒரு மேஜை, ஒரு பிளக் பாயிண்ட், மொட்டைமாடியில் ஆன்டெனா நட ஓர் இடம். கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்த சமயத்தில் புதிதாக வந்த அதிகாரி ஒருவர், "ஒரு ஒத்திகை நடத்திக் காட்டுங்க, பார்க்கலாம்" என்றார். டீச்சர் அன்றைக்கு எல்லோருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார்.

ஒத்திகைக்கு விதிகள் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. வந்தது என்ன, பிடுங்கிக்கொண்டேன். போன்கள் செத்துப்போனதாக வைத்துக்கொள்வதால் தொண்டர்கள் செல்போனை அணைத்து வீட்டில் வைத்துவிட வேண்டும். கட்டுப்பாட்டு அறை கூப்பிடாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒவ்வொரு தகவலையும் 'ஒத்திகை, ஒத்திகை' என்று தொடங்க வேண்டும். படித்துப் பார்த்து நானே அசந்துபோனேன்.

எனக்குக் கிடைத்த இடம் மணப்பாடு. மாமியார் ஊர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டில் காரை நிறுத்தினால் தூத்துக்குடிவரை தடையில்லாமல் பேசலாம். கார் என் மச்சினன் லூர்துவுடையது. ஸ்டெல்லா கட்டுப்பாட்டு அறையில் டீச்சர் பக்கத்தில் இருந்தாள், வருகிற தகவல்களைக் குறித்துக்கொள்ள.

காலையில் எல்லாம் ஜோராகப் போனது. "ஒத்திகை, ஒத்திகை. மணப்பாடு நிலையம் பேசுகிறது. இரண்டு படகுகள் கரை திரும்பவில்லை. ஓவர்!" என்று நான் கொடுத்த குரலில், பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிஜமாகவே எழுந்து கடலைப் பார்த்தார்.

மதியம் மாமியார் வீட்டிலிருந்து லூர்து தூக்குச்சட்டியைக் கொண்டுவந்தான். அதை மடியில் வாங்குவதற்காகக் கையிலிருந்த மைக்கை சீட்டில் வைத்தேன். பிறகு வசதியாக நகர்ந்து உட்கார்ந்தேன்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. மைக்கில் ஒரு பொத்தான் உண்டு. அது அழுந்தியிருக்கும்வரை நாம் பேசுவது எல்லோருக்கும் கேட்கும், மற்றவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது. அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேசவும் முடியாது. ரொம்ப நேரம் அழுந்தினால் செட் தானாகவே பேச்சை வெட்டிவிடும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நான் அதை நீக்கி வைத்திருந்தேன். (நீளமாகப் பேசுகிறவனுக்கு அது இடைஞ்சல்.) மைக் மேல் உட்கார்ந்தது உனக்கே தெரியவில்லையா என்று கேட்பீர்கள். என் உடல்வாகு அப்படி. பேச்சு வெளியே போகிறது என்று காட்ட செட்டில் எரிந்த சிவப்பு விளக்கின் மேல் லூர்து அப்பளப் பொட்டலத்தைச் சாய்த்து வைத்திருந்தான்.

செட் மௌனமாக இருந்தது. விதிகளை எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள் என்று பெருமைப்பட்டேன்.

"அத்தான், அந்த ஆபீசர் மேஜை குடுத்துருவாரா?" என்று லூர்து கேட்டான்.

"எங்கன குடுப்பாரு? டீ வரைக்கும் இருப்பாரு. டீயக் குடிச்சிட்டு, நல்லா பண்ணுங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சிருவாரு. அவருக்கு இதெல்லாம் பாட்டு கேக்குத ரேடியோ மாதிரிதான்."

அறை முழுக்க ஸ்பீக்கரில் இது கேட்டபோது அதிகாரி டீயைக் குடித்து முடித்து, "நல்லா பண்ணுங்க" என்று சொல்லி, நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தாராம். ஸ்டெல்லா பிறகு சொன்னாள். அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டாராம்.

"அவருக்கு உடனே சொல்லுங்க டீச்சர்."

"சொல்ல முடியாது சார். அவர் பேசுற வரைக்கும் நாம பேசுறது அவருக்குக் கேக்காது."

"போன் பண்ணுங்க."

"போனை அணைச்சு வச்சிருப்பார் சார். ஒத்திகை விதி."

"யார் எழுதினது?"

டீச்சர் ஸ்பீக்கரைக் காட்டினாராம்.

ஒரு கர்ப்பிணியை மீட்க வேண்டும் என்ற பாவனைத் தகவலோடு புன்னக்காயல் நிலையம் காத்துக்கிடந்தது. டீச்சர் ஆசைப்பட்ட மேஜை அவர் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. நானோ குழம்புக்கு வந்திருந்தேன்.

"ஏலே லூர்து, உங்கம்மா விளமீன் குழம்பு வச்சா கடலே தோத்துரும்ல. கல்யாணமான நாள்லேர்ந்து நல்லாருக்கு நல்லாருக்குன்னு தின்னுட்டு வாரேன். எனக்கு பிரஷர் வந்ததே இந்த உப்பாலதான்."

அதைக் கேட்டதும் ஸ்டெல்லா விதியாவது மண்ணாவது என்று, அறையிலிருந்த போனை எடுத்து அம்மா வீட்டு லேண்ட்லைனுக்கு அடித்துவிட்டாள். "எம்மா, ஓடிப்போயி அந்த மனுசன எந்திரிக்கச் சொல்லு!"

காரணம் தெரியாமலே மாமியார் குடையை எடுத்துக்கொண்டு வெயிலில் மேடேறி வந்தார். நான் அப்போதும் உப்பில்தான் இருந்தேன். "இந்த உப்புக் குழம்பு வீட்டுக்கு வந்தா பூனைக்குப் போட்டுருவேன். இப்ப பூனையும் வாரதில்ல" என்று சொல்லிமுடித்து நிமிர்ந்தால், ஜன்னலில் மாமியார்.

"மருமவனே, எந்திரிங்க."

எழுந்தேன். மைக்கின் சுருட்டை ஒயர் சீட்டில் கிடப்பதைப் பார்த்ததும் எனக்கு உலகமே புரிந்துவிட்டது. அவர் மைக்கை எடுத்தார். எடுத்த கை பொத்தானை மறுபடி அமுக்கியது அவருக்குத் தெரியாது.

"ஏளா ஸ்டெல்லா, எந்திரிச்சிட்டாரு. கொளம்புல உப்பு கூடிப்போச்சாம்."

அதோடு ஒத்திகை முடிந்தது. சாயங்காலம் தூத்துக்குடிக்குத் திரும்பியபோது குழுவிலிருந்து ராஜினாமா செய்வதற்கான வாசகத்தை மனதில் தயாரித்து வைத்திருந்தேன். டீச்சர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவரோ சிரித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி கடைசிவரை இருந்தாராம். போகும்போது, "மணப்பாட்டுல ஒரு ஆள் மீன்முள்ளத் துப்புற சத்தம் இங்க கேக்குது. புயல் நேரத்துக்கு இது போதும். மேஜையப் போட்டுக்கோங்க" என்றாராம். ஒரு நிபந்தனை மட்டும். அந்த மணப்பாட்டுக்காரர் இந்த அறைப்பக்கம் வரக் கூடாது. வானம் கறுத்தால் செட்டோடு மணப்பாட்டுக்கே போய்விட வேண்டும், மாமியார் கண்பார்வையில்.

அடுத்த மழைக்காலத்தில் 'ஒத்திகை' என்ற சொல் தேவைப்படவில்லை. ரோடு அறுந்தது. செல்போன், லேண்ட்லைன் எல்லாம் நிஜமாகவே செத்துப்போயின. நான் நிபந்தனைப்படி மணப்பாட்டில் இருந்தேன். அந்த மேஜையில் டீச்சரும் ஸ்டெல்லாவும். யார் வீட்டில் நோயாளி, எங்கே மருந்து வேண்டும் என்று பொழுதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா எழுதிக்கொண்டிருந்தாள். தொண்டர்கள் சொந்த விஷயம் பேசுவது கடைசியில்தான் என்பது டீச்சர் எழுதிய புதிய விதி. தன் அம்மாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் விதிப்படி அடுத்த தகவலுக்குப் போனேன்.

எல்லாம் முடிந்ததும் டீச்சர் கேட்டார். "மணப்பாடு, கடைசியா ஒண்ணு. ஸ்டெல்லாவோட அம்மா எப்படி இருக்காங்க? ஓவர்."

நான் மைக்கை மாமியாரிடம் கொடுத்து, பொத்தானை அமுக்கினேன்.

"ஏளா, கொளம்புல உப்பு கூடிப்போச்சு" என்றார் அவர்.

அறையில் எல்லோரும் சிரித்தார்களாம். அந்த அதிகாரியும்தான். ஸ்டெல்லா மட்டும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாளாம்.

இப்போதும் மழை பிடித்தால் மணப்பாட்டிலிருந்து போன் வரும். நல்லாயிருக்கோம் என்றெல்லாம் மாமியார் சொல்வதில்லை. "உப்பு கூடிப்போச்சுளா" என்பார். ஸ்டெல்லா நிம்மதியாகப் போனை வைப்பாள். நான் நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு உட்காருவேன்.