கொசுறு கேட்ட குற்றம்

மதிப்பிற்குரிய மைத்துனர் எவுசெபியோ அவர்களுக்கு,

சான் ரோக்கே ஊரிலிருந்து ஃபிடென்சியோ எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை போனிஃபாசியாவும் உயிரோடு இருக்கிறோம். லிமாவில் நீங்கள் அதைவிடக் கொஞ்சம் நன்றாக இருக்கப் புனித ரோக்கே அருள்வாராக.

உங்கள் அப்பா விட்டுப்போன வீட்டை, அதாவது என் சலூன் இருக்கிற வீட்டை, வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று சூப்பர்மார்க்கெட்காரர்கள் கேட்கிறார்கள். நீங்களும் உங்கள் தங்கையும் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது. தயவுசெய்து போடாதீர்கள். அந்தக் கடை வந்ததும் நெமேசியாவின் ரொட்டிக்கடை மூடியது, அவள் அடுப்பு அணைந்ததும் விறகு கொண்டுவந்த கிரிசாந்தோ கழுதைகளை விற்றான், கழுதைகள் போனதும் என்னிடம் முடிவெட்ட வருவதை நிறுத்தினான். தோள்வரை தொங்குகிறதே என்றால், "சும்மா வெட்டிவிடுறியா? இல்லேல்ல? அப்ப வாய மூடு" என்கிறான். முன்பெல்லாம் நான் ரொட்டிக்குக் கொடுத்த காசு விறகுக்குப் போய், கிரிசாந்தோ தலை வழியாக என்னிடமே திரும்பி வரும். இப்போது மாலையானால் அந்தக் கடை வாசலுக்கு ஒரு இரும்பு வண்டி வந்து ஊர்க் காசை வாரிக்கொண்டு லிமாவுக்குப் போகிறது. அங்கே எங்காவது கண்ணில் பட்டால் விசாரியுங்கள் மச்சான்.

வேறு கடை இல்லையே, நானும் அந்த சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். உருளைக்கிழங்கு நிறுத்து வாங்கிட்டு, வழக்கம்போல "கொசுறா ரெண்டு போடும்மா"ன்னேன். அந்தப் பொண்ணு முழிக்குது. பாவம், புதுசு, கூச்சப்படுதுன்னு நானே ரெண்டு எடுத்துப் பையில போட்டேன். காவல்காரன் பாஞ்சு வந்து கையப் புடிச்சிட்டான்.

"என்ன பெருசு, திருடுறியா?"

"திருட்டா? கொசுறுடா!"

"அது எந்த அலமாரியில இருக்கு?"

ஊரே பார்க்குது மச்சான். எத்தனை பேருக்கு முடிவெட்டின கையோட மீசையக் கொசுறா ஒதுக்கி விட்டிருப்பேன், ஒருத்தன் வாய் திறக்கல. வீட்டுக்கு வந்து அழுதேன்.

இந்தச் சலூனும் போனால் எனக்கு நிற்க இடமில்லை. ஆகவே கையெழுத்து வேண்டாம். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
ஃபிடென்சியோ

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் தங்கை வந்தாள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். நீங்களும் போட்டுவிடுங்கள், போட்டால்தான் கடையில் எனக்குக் கொடுக்கிற வேலை நிலைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். என் கையைப் பிடித்தவன் சுரங்க வேலைக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை முதல் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு அந்த வாசலில் நான் நிற்பேன். திருவிழாவுக்கு வரும்போது கடையில் கொசுறு மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்களையும் நான் பிடிக்கத்தான் வேண்டும்.