தாய்ஷோவுக்கு நஷ்ட ஈடு

பக்கத்து வீட்டு ஒகிட்சுவிடம் நஷ்ட ஈடு வாங்காமல் விடுவதில்லை என்று அன்று காலை நான் சபதம் செய்தேன். வாய்க்குள் முணுமுணுத்தால் சபதத்துக்கு மரியாதை ஏது? வாசலில் நின்று, இடுப்பில் ஒரு கை வைத்து, தெருவே கேட்கும்படி செய்தேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. சமையலறையிலிருந்து என் மனைவி மிட்சுயோவின் குரல் மட்டும் வந்தது.

"செருப்பை மாத்திப் போட்டிருக்கீங்க."

இன்னொரு கையில் தாய்ஷோ இருந்தான். தாய்ஷோ என்றால் எங்கள் பேச்சில் தளபதி. சாபோ சாதிச் சேவல். கால் குட்டை, வால் நெட்டை, தன்மானம் அதைவிட நெட்டை. நான் பியானோத் தொழிற்சாலையில் மூடிகளுக்கு மெருகு போட்டே முடி நரைத்து ஓய்வு பெற்றவன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் பேசுவதைக் கடைசிவரை நின்று கேட்ட ஒரே ஜீவன் அவன்தான். தலையைச் சாய்த்துக் கேட்பான். நடுவில் "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போக மாட்டான்.

அவனை ஒகிட்சுவின் நாய் கோதெட்சு கொன்றுவிட்டது. கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு வேலி இடுக்கு வழியாக வந்திருக்கிறது. முதலில் சண்டைக்குப் போனது தாய்ஷோவாகத்தான் இருக்கும், அவன் குணம் எனக்குத் தெரியும். நான் பல் துலக்கியபடி ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாய் வாலை ஆட்டிக்கொண்டு, விளையாட்டு ஏன் நின்றுபோனது என்று புரியாமல் உட்கார்ந்திருந்தது. நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

"சட்டப்படி போகப் போறேன், மிட்சுயோ!"

"போங்க. வாயில இருக்கிற பற்பசையைத் துப்பிட்டுப் போங்க."

"நஷ்ட ஈடு வாங்காம விட மாட்டேன்."

"என்ன கேக்கப் போறீங்க?"

"அதே வம்சத்துல ஒரு குஞ்சு. மலையடிவாரத்துல சாபோ வளக்குறாரே ஒரு கிழவர், அவர்கிட்ட ஒகிட்சு போய் வாங்கிட்டு வரணும்."

"நீங்களே போய் வாங்கிக்கலாமே?"

"நான் வாங்கினா அது நஷ்டம். அவன் வாங்கினாத்தான் ஈடு."

மிட்சுயோ கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தாய்ஷோவின் இறகை ஒருமுறை தடவிக் கொடுத்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் நாக்கு கலங்கவில்லை.

"இங்க பாருங்க. நீங்க சட்டம் கிட்டம்னு போனா, ஃபுமியே என்கிட்ட பேசுறதை நிறுத்திடுவா. தெருவே சேர்ந்து சாக்கடை சுத்தம் பண்ற ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டு முன்னாடி மட்டும் எல்லாரும் குனிஞ்ச தலை நிமிராம போவாங்க. அப்புறம் நான் யாரோட பேசுறது?" ஒரு கணம் யோசித்தாள். அவள் முகத்தில் உண்மையான பயம் தெரிந்தது. "உங்களோடயா?"

ஃபுமியே என்பவள் ஒகிட்சுவின் மனைவி. இவளும் அவளும் இந்தத் தெருவுக்கு மருமகள்களாக வந்த நாளிலிருந்து வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு இன்னும் முடியவில்லை.

தாய்ஷோவைக் கமேலியாச் செடியடியில் புதைத்தேன். பிறகு மனைவிக்கு ஒரே ஒரு கட்டளை இட்டேன். "ஒகிட்சு இனிப்புப் பெட்டி கொண்டு வருவான். அதைத் தொடாதே."

எங்கள் பக்கத்தில் தப்பு செய்தவன் இனிப்புப் பெட்டியோடு வந்து குனிவான். பெட்டியை வாங்கிக்கொண்டால் கதை முடிந்தது. தின்ற வாயால் அப்புறம் எதுவும் கேட்க முடியாது.

சொல்லி வைத்தாற்போல் மாலையில் ஒகிட்சு வந்தார். தேயிலைத் தோட்டக்காரர். அறுவடை நேரத்து வெயிலில் கறுப்புக் கோட்டும் டையும் மாட்டி, வேர்வை சொட்டச் சொட்ட வாசற்படியில் மண்டியிட்டுத் தலையைத் தரையில் வைத்தார். பெட்டி தரையில் வழுக்கி என் முன்னால் வந்து நின்றது.

"குசகாபே-சான், ஒண்ணுக்கும் உதவாத பொருள்தான். தயவுசெஞ்சு ஏத்துக்கணும்."

"ஒண்ணுக்கும் உதவாத பொருளை நான் ஏன் ஏத்துக்கணும்?" என்று பெட்டியைத் திருப்பித் தள்ளினேன்.

கதவுக்குப் பின்னால் மிட்சுயோ மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. பணிவுக்குச் சொன்ன வார்த்தையை இப்படிப் பிடித்துக்கொண்டவன் இந்தத் தெருவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒகிட்சு தள்ளினார். நான் தள்ளினேன். பெட்டி வந்தது, போனது, மறுபடியும் வந்தது.

"என்ன செஞ்சா உங்க மனசு ஆறும்? சொல்லுங்க, செய்றேன்" என்றார் பரிதாபமாக.

"அதை நான் வாயைத் திறந்து சொல்லணுமா?"

"நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்."

"சொல்லிட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு?"

ஒகிட்சு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வந்ததைவிட இரண்டு மடங்கு வேர்வையோடு திரும்பிப் போனார். வெற்றி! நான் மீசையை முறுக்கினேன். எனக்கு மீசை கிடையாது, இருந்தாலும் முறுக்கினேன்.

"குஞ்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இப்பவே தீர்ந்திருக்குமே!" என்றாள் மிட்சுயோ.

"கேட்டு வாங்கினா பிச்சை. கேக்காம வந்தாத்தான் நஷ்ட ஈடு."

"அப்போ நாளைக்கு நகர அலுவலகத்துல வக்கீலைப் பாக்க எதுக்குப் போறீங்க?"

"கேக்காம எப்படிக் கேக்குறதுன்னு கேக்க."

மறுநாள் போனேன். இலவச ஆலோசனைக்கு உட்கார்ந்திருந்த வக்கீலுக்கு என் கடைசி மகன் வயதுதான் இருக்கும். அவன் டையில் மீன் படம் போட்டிருந்தது.

"சேவலுக்கு என்ன வயசுங்க?"

"முதிர்ந்த வயசு. நல்ல அனுபவசாலி."

"சட்டத்தோட பார்வையில அது ஒரு பொருள், ஐயா. பழைய பொருள். தேய்மானம் கழிச்சுத்தான் விலை போடுவாங்க."

"தேய்மானமா? அவன் நாளுக்கு நாள் மெருகு ஏறிட்டு இருந்தான். மெருகைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க, நான் ஆயுசு முழுக்க அதைத்தான் போட்டேன்!"

"முட்டை போடுமா?"

"சேவல்னு சொன்னேனே!"

"சரி, அப்போ வருமான இழப்பும் இல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டான். "அவங்க தரப்புல மன்னிப்புன்னு ஏதாவது கொண்டுவந்து, நீங்க வாங்கிக்கிட்டீங்களா?"

"தொடவே இல்ல!"

"நல்லது. தொடாதீங்க."

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்தேன். மிட்சுயோ வழக்கத்துக்கு மாறாகப் புன்னகையோடு தேநீர் ஊற்றினாள். தட்டில் யோகான் இருந்தது, சிவப்புப் பயறும் சர்க்கரையும் காய்ச்சி இறுகவைத்த பளபளப்பான துண்டுகள். எனக்கு யோகான் என்றால் உயிர். சட்ட அறிவு பசியை வேறு கிளப்பியிருந்தது. ஒரு துண்டு தின்றேன், இன்னொன்றையும் எடுத்தேன். தட்டு காலி ஆகும்வரை நான் வாயைத் திறந்தது தின்பதற்கு மட்டும்தான்.

"பிரமாதம். எந்தக் கடை?"

"கடையில வாங்கல. மாடத்துல படைச்சதை எடுத்தேன்."

திரும்பிப் பார்த்தேன். புத்தர் மாடத்தில் என் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் தாய்ஷோவின் படம் இருந்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரி என்னை முறைத்தார்கள். முன்னால் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பிரித்த காகிதமும் ஒரு பெட்டியும் கிடந்தன. பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். வாசற்படியில் நாலைந்து முறை தள்ளியிருக்கிறேன்.

"அடிப்பாவி! இது ஒகிட்சுவோட பெட்டி!"

"பெட்டி அதேதான். கட்டு வேற. நேத்து வந்தது மன்னிப்புப் பெட்டி. நீங்க சொன்னபடி நான் தொடவே இல்ல. இன்னைக்கு கறுப்பு வெள்ளை நூல் கட்டி, துக்கத்துக்குன்னு கொண்டுவந்தாரு. செத்தவங்களுக்கு வைக்கிறதை வேண்டாம்னு சொல்ல முடியுமா? உங்க தாய்ஷோவுக்கு அவ்வளவுதான் மரியாதையா?"

"இந்த நூல் யோசனை யாரோடது?"

"நூல் நம்ம அலமாரியில இருந்ததுதான். உங்க அப்பா காரியத்துக்கு வாங்கினதுல மீதி."

வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு இப்போது புரிந்தது. ஆனாலும் நான் அசந்துவிடவில்லை.

"சரி! துக்கப் பெட்டிதானே? அப்போ மன்னிப்பு இன்னும் வாங்கல. என் வழக்கு உயிரோட இருக்கு!"

"இருக்கு. தாராளமா கேளுங்க. அதுக்கு முன்னாடி பாதியைத் திருப்பிடணும்."

வாயில் ஒட்டியிருந்த யோகான் கசந்தது. சாவுக்கு யார் எது வைத்தாலும் அதில் பாதி மதிப்புக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டும். எங்கள் ஊரில் அது எழுதாத சட்டம். மொய் மாதிரிதான், ஆனால் அடுத்த கல்யாணம் வரை தவணை கிடையாது.

"ஒரு பொட்டலம் தேயிலை குடுத்துட்டா போச்சு" என்றேன்.

"தேயிலைத் தோட்டக்காரருக்கா? அவங்க வீட்டுல தேயிலை மேலதான் படுத்துத் தூங்குறாங்க. அதுவும் யோகான் மட்டும்னா பரவால்ல. வெளியில பாருங்க."

கமேலியாச் செடியடியில் ஒரு கல் நின்றது. ஆற்றங்கல். வழவழவென்று, ஒரு சேவல் உட்கார்ந்திருக்கும் வாட்டத்தில் இருந்தது. தேடித்தான் எடுத்திருக்க வேண்டும். ஒகிட்சு மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. அதை மனைவிக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

"ஆத்துலேருந்து தனியாளா தூக்கிட்டு வந்து நட்டாரு. நட்டுட்டு நிமிர முடியல. இடுப்பு பிடிச்சுக்கிச்சு. நானும் ஃபுமியேவும் கைத்தாங்கலா கொண்டுபோய்ப் படுக்க வச்சோம். அவளுக்கு முழங்கால் வலி. பாவம், காலைல நாயை நடத்திக் கூட்டிட்டுப் போக அந்த வீட்டுல ஆள் இல்ல."

பேச்சு எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"மிட்சுயோ. வேண்டாம்."

"கயிறு நம்ம வாசல்ல மாட்டியிருக்கு. பச்சைக் கலர்."

"கொலை பண்ணினவனை நான் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போகணுமா?"

"துக்கக் கடனை வச்சுக்கிட்டு நஷ்ட ஈடு கேட்டா ஊர் சிரிக்கும். முதல்ல பாதியைத் தீருங்க. அப்புறம் வக்கீல்கிட்ட போங்க."

மறுநாள் காலை, ஒரு கையில் பச்சைக் கயிறு, இன்னொரு கையில் நாயின் கழிவு அள்ளும் பை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே கோதெட்சு என்னை இழுத்துக்கொண்டு போனது. எதிரில் வந்த தபால்காரர், "ஆஹா, புது நாயா?" என்றார். நான் அவரைத் தாண்டி வேகமாக நடந்தேன். நாயோடு வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. அது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

இரண்டொரு நாள் வைராக்கியமாக இருந்தேன். பிறகு ஒரு காலையில், வக்கீலைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. தேய்மானம் என்று அவன் சொன்னதை அதனிடம் சொன்னேன். கோதெட்சு நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டது. கடைசிவரை கேட்டது. நான் தேயிலை வரப்பில் உட்கார்ந்து, தாய்ஷோவைப் பற்றி எல்லாவற்றையும் அதனிடமே சொன்னேன். அது என் முழங்கால் மேல் முகத்தை வைத்தது. மன்னிப்பா என்று தெரியாது. பெட்டி இல்லை, கட்டு இல்லை. எனக்குப் போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு கோழி கூவாத விடியலிலும் நான் தானாகவே எழுந்துகொண்டேன்.

ஒகிட்சுவின் இடுப்பு நிமிர்ந்த வாரம் அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். இந்த முறை கோட்டு இல்லை. கையில் மூங்கில் கூடை. அதற்குள்ளிருந்து கீச்கீச்சென்று சத்தம்.

"மலையடிவாரக் கிழவர்கிட்டேருந்து வாங்கிட்டு வந்தேன், குசகாபே-சான். ஒண்ணுக்கும் உதவாத பொருள்தான்..."

"இல்ல இல்ல, ரொம்ப உதவும்!" என்று நான் கூடையைப் பறித்தேன்.

வைக்கோலுக்குள் ஒரு சாபோக் குஞ்சு. குட்டைக் கால். என்னைப் பார்த்தது. தலையைச் சாய்த்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒகிட்சுவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் மூக்கை உறிஞ்சினார். அவர் போனதும் கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

"பாத்தியா மிட்சுயோ! வாயைத் திறந்து கேக்கல. ஒரு வார்த்தை சொல்லல. தானா வந்துடுச்சு! இதுக்குப் பேருதான் நஷ்ட ஈடு!"

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. கூடையை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தாள்.

"கட்டைப் பாத்தீங்களா?"

பார்த்தேன். கூடைக் கைப்பிடியில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நூல் அழகாக முடிச்சுப் போட்டிருந்தது.

"அது நஷ்ட ஈடு இல்ல. நாயைக் கூட்டிட்டுப் போனதுக்கு நன்றிப் பரிசு" என்றாள் என் மனைவி. "இதுக்கும் பாதியைத் திருப்பணுமே, அதனால இனிமே சாயங்கால நடையும் உங்களோடதுதான்னு ஃபுமியேகிட்ட அப்பவே சொல்லிட்டேன்."