என் பேஸ்போல் அட்டைக்கு அப்பா கொடுத்த பாதுகாப்பு

"உது நாங்கள் சின்னனிலை பபிள்கம்முக்குள்ளை எடுத்த படமெல்லோ? உதுக்கோ பிள்ளை கம்பஸ் வரைக்கும் படிச்சனீ?"

அம்மா இப்படிக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். இதை நான் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை (பல் வைத்தியருக்குக்கூடத் தெரியும், அதுவும் வாயைத் திறந்து வைத்திருந்த நிலையில்). அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, படம் பொறுக்கும் சின்னப்பிள்ளை என்பதா?

அம்மா சொன்னதில் உண்மையும் இருந்தது. படிப்பின்போது ஒரு அரையாண்டு அமெரிக்காவில் இருந்தேன். அங்கே என் அறைத்தோழி தொற்றவைத்த பழக்கம் இது. பளபளக்கும் சின்னப் பொட்டலம் ஒன்றை வாங்குவோம். அதற்குள் பேஸ்போல் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள் இருக்கும். யார் வருவார் என்று பிரிக்கும்வரை தெரியாது. பெரும்பாலும் யாருக்கும் வேண்டாதவர்கள்தான் வருவார்கள். எப்போதாவது ஒருமுறை, ஆட்டக்காரரே பேனாவால் கையெழுத்திட்ட அட்டை வரும். அந்த ஒருமுறைக்காகத்தான் உலகமெங்கும் வளர்ந்த மனிதர்கள் பொட்டலம் கிழிக்கிறார்கள். ஒஸ்லோவுக்குத் திரும்பியும் நான் விடவில்லை. ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம் (இங்கே அது நடுச்சாமத்தில் ஓடும். எனக்குக் காலையில் வேலை).

ஒருநாள் எனக்கும் அந்தக் கையெழுத்து அட்டை வந்தது. நீல மை, வானவில் போல மின்னும் பின்னணி. இணையக் குழுவில் படத்தைப் போட்டேன். ஏழு மணிநேர ரயில் தூரத்தில் இருக்கும் துரொண்ட்ஹெய்மிலிருந்து ஸ்டைனார் என்பவர் உடனே எழுதினார். அந்த ஆட்டக்காரரின் அட்டைகளை மட்டுமே சேர்ப்பவராம். பதிலுக்கு அவரிடம் இருந்தது, என் தொகுப்பில் காலியாகக் கிடந்த ஒரே இடத்துக்கான அட்டை. மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. தபாலை இருவரும் நம்பவில்லை. அவரே ஒஸ்லோவில் நாங்கள் இருக்கும் ஸ்டோவ்னருக்கு வருவதாகச் சொன்னார்.

"துரொண்ட்ஹெய்மிலையிருந்து ஒரு பெடியன் ஒரு அட்டைக்காக வாறானாம்," என்றார் அம்மா கீரையை ஆய்ந்தபடி. "இதை நான் நம்போணும்."

அந்த வாரம் பள்ளிக்கூட விடுமுறை. சித்தியின் இரட்டைப் பிள்ளைகள் எங்கள் வீட்டில் நிற்க வரவிருந்தார்கள். அவர்களுடைய விரல்களில் எந்நேரமும் சொக்லேட் இருக்கும். அட்டையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் அப்பாவிடம் கொண்டுபோனேன். கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் நான் படித்தவள் அல்லவா? ஒரு விரிவுரை ஆற்றினேன்.

"அப்பா, உதைச் சும்மா படம் எண்டு நினையாதையுங்கோ. இது என்ர விட்னமோல் மாதிரி." (பட்டச் சான்றிதழைத்தான் நாங்கள் வீட்டில் நோர்வேஜியச் சொல்லால் சொல்வோம்.) "ஒரு கீறல் விழக்கூடாது. மூலை மடங்கக்கூடாது. ஈரம் படவே கூடாது."

அப்பா அட்டையை இரண்டு கைகளாலும் வாங்கினார். "விட்னமோல் மாதிரியோ?"

"ஓம். அதைவிட மேலை எண்டுகூடச் சொல்லலாம்."

"அப்ப நீ யோசியாதை பிள்ளை. நான் பாத்துக்கொள்ளுறன்."

யாராவது என் வாயைப் பொத்தியிருக்க வேண்டிய இடம் அதுதான்.

சனிக்கிழமை வந்தது. அட்டையைக் கேட்டால் அப்பா தரவில்லை. "நீ எங்கையாவது விட்டிட்டு நிப்பாய். நான் கொண்டுவாறன்," என்று கோட்டை மாட்டிக்கொண்டார். கக்கத்தில் எங்கள் வீட்டு ஆவணங்கள் அத்தனையும் கொண்ட தடித்த கோப்பு. (பெடியன் யார் என்று பார்த்து வரும்படி அம்மா அனுப்பினார் என்பது எனக்குத் தெரியாதென்று இருவரும் நினைத்திருந்தார்கள்.)

கடைத்தொகுதியின் கபேயில் ஸ்டைனார் காத்திருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், நெஞ்சுவரை தாடி, குரல் மட்டும் தாலாட்டுப் பாடுகிற குரல். தன் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். எத்தனையோ நாளாக நான் தேடியது, கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

அப்பா கோப்பைத் திறந்தார். என் பிறப்புப் பத்திரம், தடுப்பூசி அட்டை, பட்டச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஸ்டைனார் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையசைத்தார். கடைசியில் ஒரு தாளை வளையத்திலிருந்து கழற்றி, இரண்டு கைகளாலும் நீட்டினார் அப்பா.

என் கையெழுத்து அட்டை லமினேட் செய்யப்பட்டிருந்தது.

சுற்றிவர அளவான விளிம்பு விட்டு, மூலைகளை வளைத்து வெட்டி, கோப்பில் கோர்ப்பதற்குப் பக்கத்தில் துளையும் போட்டிருந்தார். சூட்டில் வானவில் வெளிறிப்போயிருந்தது. நீலக் கையெழுத்து குளத்தடியில் கிடக்கும் பாசிபோல் தெரிந்தது.

"நீ வைச்சிருந்த பிளாஸ்டிக் உறை மேலாலை திறந்து கிடந்தது பிள்ளை," என்றார் அப்பா. "தண்ணி போயிருக்கும். அதை எறிஞ்சிட்டன். இனி இதைக் கடலுக்கை போட்டாலும் ஒண்டும் ஆகாது."

ஒரு விரல் அடையாளம் பட்டாலே பெறுமதி குறைகிற பொருள் அது; லமினேட் செய்தால் சேகரிப்பவர்களுக்கு அது செத்த அட்டை. எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் வார்த்தைகள் தொண்டைவரை வந்தன. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். பரிசளிப்பு விழாவில் பெயர் கூப்பிடுவதற்குக் காத்திருக்கும் பிள்ளையின் முகம்.

அப்பா எட்டாம் வகுப்புவரை படித்தவர். போரில் இடம்பெயர்ந்து ஓடியபோது அவருடைய பள்ளிக்கூடப் பத்திரம் மழையில் ஊறிக் கையிலேயே கரைந்துபோனது. இங்கே வந்து ஒரு வகுப்பில் சேரப்போனால், படித்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். காட்ட ஒன்றுமில்லை. அதனால் எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சிக்கு முன்பே லமினேட் இயந்திரம் வந்துவிட்டது. நான் சித்தியடைந்த ஒவ்வொரு பரீட்சையும் அதன் வழியாகத்தான் போனது. என் பட்டச் சான்றிதழை அதற்குள் செலுத்திய அன்று அவர் தலைக்குக் குளித்து, வேட்டி கட்டியிருந்தார்.

விட்னமோல் மாதிரி என்று சொன்னது நான்தானே.

ஸ்டைனார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பிழையே செய்தனான்?"

"இல்லையப்பா," என்றேன் நான் தமிழில். அதே நேரம், கேள்வியின் தொனியை வைத்தே பொருளைப் பிடித்துவிட்ட ஸ்டைனார், "ஆமாம், கொஞ்சம்," என்றார் நோர்வேஜிய மொழியில். அப்பாவுக்கு இரண்டு மொழியும் விளங்கும்.

அப்பா எழுந்துவிட்டார். "பொறுங்கோ, வெட்டி எடுத்துத் தாறன்!" பக்கத்துப் பூக்கடைக்கு ஓடிக் கத்தரிக்கோலோடு வந்தார். நானும் ஸ்டைனாரும் ஒருசேரக் கத்தியபடி மேசைமேல் பாய்ந்தோம். கோப்பி கவிழ்ந்தது; ஸ்டைனார் தன் அட்டையை ஒரு நொடியில் பறித்துத் தூக்கிவிட்டார். கபே முழுவதும் திரும்பியது (அதில் பாதி எங்கள் ஆட்கள். அம்மாவுக்குச் செய்தி அப்போதே போயிருக்கும்). கோப்பி வெள்ளத்தின் நடுவே என் அட்டை மட்டும் ஒரு துளி ஈரமில்லாமல் மிதந்தது. அப்பாவின் வேலையில் குறை சொல்லவே முடியாது.

"இதை நான் வாங்க முடியாது," என்றார் ஸ்டைனார் மெதுவாக. தன் அட்டையைப் பைக்குள் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. அப்பா கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஸ்டைனார் என்ன நினைத்தாரோ, தேங்காய்ப்பூ தூவிய பணிஸ் ஒன்று வாங்கி வந்து அப்பாவை உட்கார வைத்தார். பிறகு பையிலிருந்து பிரிக்காத பொட்டலம் ஒன்றை எடுத்து அவர் முன் வைத்தார்.

அப்பா அதைக் கிழிக்கவில்லை. ஒட்டிய இடத்தைத் தேடி, அரசாங்கக் கடிதம் பிரிப்பதுபோல் நகத்தால் மெல்ல எடுத்தார். ஒவ்வொரு அட்டைக்கும் விசாரணை நடந்தது. "இவன் என்ன செய்யிறவன்? ஏன் முகத்திலை கூடு போட்டிருக்கிறான்?" பந்து வீசுபவருக்கு எதிரே குந்தியிருந்து பிடிப்பவர் என்று ஸ்டைனார் விளக்கினார். "விக்கெட் கீப்பர்," என்று தீர்ப்புச் சொன்னார் அப்பா. வந்தவர்கள் அத்தனைபேரும் யாருக்கும் வேண்டாதவர்கள். அப்பா ஒருவரையும் விடவில்லை. கடைசி அட்டையைக் கவிழ்த்து வைத்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதிலை கையெழுத்து இருக்குமோ?"

இல்லை. ஆனால் அப்பாவும் இந்தப் பழக்கத்தில் மாட்டிக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டார்: "பெடியன் எப்படி?"

"நல்ல பெடியன். ஆனா கைக்கை இருக்கிற அட்டையைத் தரமாட்டனெண்டிட்டான்," என்றார் அப்பா உண்மையான வருத்தத்தோடு.

இப்போது எங்கள் சொந்தத்தில் என்ன புதிதாக வந்தாலும் அப்பாவின் கண்ணில் படாமல் வைக்கச் சொல்கிறார்கள். மச்சாளுக்குக் குழந்தை பிறந்து நாங்கள் பார்க்கப் போனபோது, சித்தி தொட்டிலை மறித்து நின்றார். "அத்தான், தள்ளி நிண்டு பாருங்கோ. இவன் மூச்சு விடோணும்." எனக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு எடுத்தால், பிடித்தவுடன் லமினேட் பண்ணிவிட வேண்டும் என்கிறார் அம்மா. அப்பாவும் சேர்ந்து சிரிக்கிறார். சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் பொட்டலம் பிரிக்கிறோம். நான் கிழிக்கப் பார்த்தால் கையைத் தட்டிவிடுகிறார்.

ஸ்டைனாரின் அட்டை இன்னும் அவரிடமேதான் இருக்கிறது. வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தார். வரும் வசந்தத்தில் துரொண்ட்ஹெய்மில் சேகரிப்பாளர்கள் கூடுகிறார்கள். போன வாரம் இரண்டு ரயில் சீட்டு எடுத்துவிட்டேன். ஸ்டைனாருக்கும் எழுதிவிட்டேன்: இந்த முறை, சனிக்கிழமைப் பொட்டலங்களில் வந்த அட்டைகளை வைத்துப் பேரம் பேசப்போவது அப்பா, நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இருப்பேன் என்று.