கூண்டு ஏற்றும் பாடம்

மூன்றாம் நாள் காலையிலும் வெர்னன் கார்க்கம் ஒரு ஜோடி கையுறையைத்தான் நீட்டினார். பாடப் புத்தகம் எதுவும் கண்ணில் படவில்லை.

ரொஸேர் வாங்கி மாட்டிக்கொண்டான். பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் மரம் அறுக்கும் ஆலையில் உடம்பு தேய உழைத்தவன். ஆலையை மூடிவிட்டார்கள். ஒன்டாரியோ ஆலை ஒன்று அவனை எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் வெள்ளிக்கிழமை அதன் மேலாளர் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசுவார், பதில் சொல்லவேண்டும். ஐம்பதைத் தாண்டியவனுக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

அதற்காகத்தான் நோவா ஸ்கோஷியாவின் இந்தக் கடலோர ஊருக்கு வந்திருந்தான். ஆசிரியர் வீட்டிலேயே தங்கி, உண்டு, அவரோடு வேலை செய்து ஆங்கிலம் பழகவேண்டும். வாயில் பிரெஞ்சு வரக்கூடாது. சந்தின் கடைசியில் மஞ்சள் வீடு, கார்க்கம் என்று பயிற்சி ஆபீசில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஞாயிறு இரவு மழையில் பின்கதவைத் தட்டி, "கார்க்கம்?" என்றான். "ஆமா" என்றார் கிழவர். அந்த ஊரில் பின்கதவால் வந்தவனை யார் என்று கேட்பது மரியாதையில்லை. தேநீர் ஊற்றினார், மாடியில் கட்டிலைக் காட்டினார். அதற்கப்புறம் இரண்டு நாளாக வாயைத் திறக்கவில்லை. முற்றத்திலிருந்த, சிங்கி இறால் பிடிக்கும் கூண்டுகளை லாரியில் ஏற்றவைத்தார், அவ்வளவுதான்.

இன்று ரொஸேர் துணிந்து கேட்டான்.

"பாடம்... எப்போ?"

"பாடமா? ஏம்ப்பா, நீ முன்னே பின்னே இந்த வேலை செஞ்சதில்லையா?"

"இல்ல. நீங்க பேசணும். மெதுவா. எல்லாத்துக்கும் பேர் சொல்லணும்."

வெர்னன் அவனை நெடுநேரம் பார்த்தார். பிறகு கீழே கிடந்ததை எடுத்தார்.

"இது கயிறு."

"கயிறு" என்றான் ரொஸேர் பணிவாக.

"ஆண்டவரே" என்றார் வெர்னன்.

ஆனாலும் சொன்னார். மிதவை, முடிச்சு, படகின் மூக்கு, காற்று மாறும் நேரம். ரொஸேர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். நல்ல முறைதான் இது என்று நினைத்துக்கொண்டான். இரவு உணவின்போது சுவரிலிருந்த படத்தைக் காட்டி, "இது பேர்?" என்று கேட்டான்.

"ஐனா" என்றார் வெர்னன். "என் பொண்டாட்டி." அப்புறம் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தட்டில் மீன் ஆறிப்போனது.

மறுநாள் வெர்னன் படகுத்துறைக்குப் போயிருந்தபோது தொலைபேசி அடித்தது. பயிற்சியாக இருக்கட்டும் என்று ரொஸேர் எடுத்தான்.

"மியூரியல் பேசறேன், வெர்னனோட தங்கச்சி. கூண்டு ஏத்த ஓர் ஆளை அனுப்பறேன்னு சொல்லியிருந்தேன்ல, அவன் முதுகு பிடிச்சுப் படுத்துட்டான். வரமாட்டான். ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கணும், மறந்துட்டேன். ஆமா, நீ யாரு?"

"நான்... ஆள்தான்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஒரு முழு ஆங்கிலப் பேச்சு அவனுக்கு அட்சரம் பிசகாமல் புரிந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. புரியாமலே போயிருக்கலாம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தான். அடுத்த வீடும் மஞ்சள். அதன் வாசலில் பலகை: ஹில்டா கார்க்கம், ஆங்கிலம் கற்பிக்கப்படும். அந்தச் சந்தில் பாதி வீடு கார்க்கம் என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

உடனே பெட்டியைத் தூக்கியிருக்கலாம். ஆனால் திங்களன்று சிங்கி இறால் பருவம் தொடங்குகிறது. விடியலில் எல்லாப் படகும் கூண்டோடு கிளம்பும். பிந்தியவனுக்குக் கடலில் கூண்டு இறக்க நல்ல இடம் கிடைக்காது. கிழவர் ஒற்றை ஆளாக என்ன செய்வார்? சீக்கிரம் ஏற்றி முடித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பேய் மாதிரி வேலை செய்தான்.

வெர்னனுக்கு ஒரே சந்தோஷம். "நல்ல வேகம்ப்பா. அப்போ போன வருஷம் உடைஞ்சதையும் சரி பண்ணிடலாம்" என்று கொட்டகையைத் திறந்துவிட்டார். உள்ளே கூரைவரை கூண்டு.

ஹில்டா வெளியே வரும்போதெல்லாம் ரொஸேர் தோளிலிருந்த கூண்டால் முகத்தை மறைத்தான். அவள் கையசைத்தாள். அவன் கூண்டை அசைத்தான்.

"அவளைப் பாத்து ஏன் நடுங்கறே? டீச்சர்தான், கடிக்கமாட்டா" என்றார் வெர்னன்.

சாயங்காலம் அவள் இஞ்சி கேக் கொண்டுவந்தாள். ரொஸேர் விறகறைக்குள் புகுந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அவள் போகிறவழியாக இல்லை. வெளியே வெர்னன் சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. மேலாளரிடம் கொடுத்திருந்தது ஹில்டா வீட்டு எண். இனி ஒளிய இடமில்லை. கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"வெர்னன், நான் உங்க தங்கச்சி அனுப்பின ஆள் இல்ல. இங்கிலீஷ் கத்துக்க வந்தவன். வீடு மாறி வந்துட்டேன். நேத்தே தெரியும், சொல்ல பயம். நான் போனா கூண்டு கிடக்கும். போகலேன்னா என் வேலை போயிடும். என்னை மன்னிச்சுடுங்க."

எங்கும் நிற்காமல் சொல்லி முடித்தான். வெர்னன் தாடையைச் சொறிந்தார்.

"அதான் முடிச்சு அவ்வளவு மோசமா இருந்துச்சா" என்றார். "சரி, கிளம்பு. நானும் வர்றேன்."

ஹில்டா எதுவும் கேட்காமல் தொலைபேசியைக் காட்டினாள். சரியாக அப்போதுதான் மணி அடித்தது. கடைசியாகச் செய்த வேலை என்ன என்று மேலாளர் கேட்டார். ரொஸேர் கூண்டைப் பற்றிச் சொன்னான், கயிற்றைப் பற்றி, காற்று மாறுவதைப் பற்றி. மேலாளருக்குக் கேட்க நேரமிருந்தது.

"திங்கக்கிழமை வந்துடறியா?"

ரொஸேர் வெர்னனைப் பார்த்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"திங்கள் முடியாதுங்க. படகுல ஏறணும். ஆள் இல்ல."

தொலைந்தது வேலை என்றே நினைத்தான்.

"சரி, புதன் வா. சொன்ன சொல்லுக்கு நிக்கிறவனா இருக்கே."

வெர்னன், படகுக்கு எண்ணெய் போடவேண்டும் என்று முனகிக்கொண்டே வெளியேறினார். கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. வாசலில் எதிர்ப்பட்ட தபால்காரனை நிறுத்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

ரொஸேர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"மேடம், உங்களை ஒரு வாரம் காக்க வெச்சுட்டேன்."

"நான் காத்துக்கிட்டு இருக்கலையே. நீ அந்தக் கதவைத் தட்டினப்போ உனக்கு வெச்ச சூப்போட ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நல்லபடியா வந்து சேர்ந்துட்டார்னு ஆபீசுக்கும் போன் பண்ணிட்டேன்."

"அப்போ என்னை ஏன் கூப்பிடல?"

ஹில்டா வாசல் பக்கம் காது கொடுத்தாள். தபால்காரன் இன்னும் விடுபடவில்லை.

"ஐனா போய்ச் சேர்ந்ததிலேர்ந்து அந்த மனுஷன் யார்கிட்டயும் வாய் திறக்கல. அவரைப் பேசவைக்க ரெண்டு வருஷமா நான்தான் ஒரு வாத்தியாரைத் தேடிக்கிட்டிருந்தேன்."